ஆர்க்டிக் ஆய்வில் பூர்வகுடிகளின் பங்கு: சடங்கா, தேவையா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 4

ஆர்க்டிக் ஆய்வுத் திட்டம் எதை எடுத்தாலும் 'பூர்வகுடி மக்களுடன் இணைந்து' என்ற வரி தவறாமல் வருகிறது. நிதி கொடுப்பவர்கள் எதிர்பார்ப்பதால் எழுதப்படும் வரி என்றே எனக்குத் தோன்றுகிறது. வேட்டைக்காரரின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அளவீடு என்று வரும்போது அது எங்கே உதவியிருக்கிறது? எண்ணிக்கையோடு ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

பிப்ரவரி 5

முடியும். அலாஸ்காவின் வடகோடியில் உத்கியாக்விக் என்ற ஊர் இருக்கிறது. 2016 வரை வரைபடங்களில் பாரோ என்று இருந்தது. அங்கு வாழும் இனுபியாட் மக்கள் வில்தலைத் திமிங்கிலத்தை வேட்டையாடி ஊர் முழுவதும் பங்கிட்டு உண்பவர்கள். 1977-இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், அலாஸ்கா கடலில் இந்த இனத்தில் 2,000-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்ற மதிப்பீட்டை நம்பி, அவர்களுடைய வேட்டைக்கு முழுத் தடை விதித்தது. அதே ஆண்டு படகுத் தலைவர்கள் கூடி அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணையத்தைத் தொடங்கினார்கள். டிசம்பரில் டோக்கியோவில் கூடிய சிறப்புக் கூட்டத்தில், அடுத்த ஆண்டுக்கு 12 திமிங்கிலங்களைக் கரைசேர்க்கலாம் அல்லது 18-ஐ ஈட்டியால் தாக்கலாம், எது முதலில் நிறைவேறுகிறதோ அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்குத் தடை தளர்ந்தது.

அந்த மதிப்பீட்டின் அடிப்படை என்ன? கரையோடு ஒட்டிய கடற்பனியின் விளிம்பில், பனிப்பாளங்கள் மோதி எழுந்த மேட்டின்மேல் ஆட்கள் நின்று, எதிரே திறந்து கிடக்கும் நீர்வழியில் கடந்து போகும் திமிங்கிலங்களை எண்ணினார்கள். நீர்வழி மூடிக்கொண்டால் திமிங்கிலங்கள் வருவதில்லை என்று கொண்டார்கள், ஏனென்றால் மூச்சு விட்டாக வேண்டிய விலங்கு உடையாத பனியின் அடியில் நுழையத் துணியாது என்பது அவர்கள் நம்பிக்கை. படகுத் தலைவர்கள் சொன்னதோ வேறு: திமிங்கிலங்கள் பனியின் அடியிலும் போகின்றன, கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் அகன்ற வரிசையாகப் போகின்றன, நீர்வழி திறப்பதற்காக அவை காத்திருப்பதில்லை. ஹாரி பிரவர் என்ற மூத்த படகுத் தலைவர், அந்த வட்டாரத்தின் வனவிலங்குத் துறையில் இருந்த டாம் ஆல்பர்ட் என்ற கால்நடை அறிவியலாளருக்கு இதைப் பொறுமையாக, பல முறை, விளக்கினார்.

1980-களில் பனி விளிம்பு நெடுகிலும் நீரடி ஒலிவாங்கிகளை வரிசையாக இறக்கினார்கள். ஒரே குரல் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு அந்தத் திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்று கணிக்கலாம். மேட்டில் நின்றவர்கள் ஒன்றையும் காணாத நேரங்களிலும் பனியின் அடியில் குரல்கள் கடந்து போயின. திமிங்கிலம் தலையால் பனியை முட்டி உயர்த்தி, அந்த மேட்டின் விரிசலில் மூச்சு விட்டுப் போன இடங்களையும் பார்த்தார்கள். 2001-இல் மதிப்பீடு 10,000-ஐத் தாண்டியது. 2011-இல் அது 17,000-ஐ நெருங்கியது.

பிப்ரவரி 6

நேற்று விட்டுப்போனது. திமிங்கிலத்துக்கு மணம் தெரியும், ஆகவே முகாமில் புகை எழக் கூடாது என்பது அங்குள்ள வேட்டைக்காரர்களின் பழைய கட்டுப்பாடு. திமிங்கிலங்கள் முகரும் திறனை ஏறத்தாழ இழந்துவிட்டன என்பது உடற்கூற்றியலில் நிலவிய கருத்து. வேட்டையாடப்பட்ட வில்தலைத் திமிங்கிலங்களின் தலைகளைப் பின்னர் அறுத்துப் பார்த்தபோது, முகர்வுக்கான நரம்பு அமைப்பு மூளையில் இருந்தது. அந்தத் தலைகளை ஆய்வுக்குக் கொடுத்தவர்களும் வேட்டைக்காரர்களே.

பிப்ரவரி 11

என் முதல் குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. 2,000 என்று எண்ணிய இடத்தில் 17,000 இருந்தன என்று வாசிக்கும்படி எழுதிவிட்டேன். அது சரியல்ல. 1978 முதல் 2011 வரை இந்த இனம் ஆண்டுக்குச் சுமார் 3.7 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. அந்த வேகத்தில் 33 ஆண்டு வளர்ந்தால் மூன்று மடங்குக்குச் சற்று மேல் வரும். 17,000-ஐ அதனால் வகுத்தால் 1978-இல் ஏறத்தாழ 5,000 இருந்திருக்க வேண்டும். ஆக, உயர்வில் ஒரு பகுதி முறை திருந்தியதால் வந்தது, மறு பகுதி உண்மையாகவே இனம் பெருகியதால் வந்தது. 1977-இன் மதிப்பீடு பாதிக்கும் கீழே இருந்தது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்லக் கூடாது. 1848-இல் பெரிங் நீரிணையைக் கடந்து வந்த வணிக வேட்டைக் கப்பல்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த இனத்தைக் கொன்று குவித்திருந்தன என்பதால், ஆணையத்தின் அச்சத்துக்கும் அடிப்படை இருந்தது.

இன்னொன்றையும் திரும்ப யோசித்தேன். 'வேட்டைக்காரர் சொன்னதை அறிவியல் உறுதிசெய்தது' என்ற வாக்கியம் இந்தக் கதையோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிறது, நானும் அந்தத் தொனியில்தான் எழுதினேன். படகுத் தலைவர்கள் சரிபார்த்துத் தருமாறு ஓர் எண்ணை யாரிடமும் நீட்டவில்லை. எண்ணும் முறையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். ஆய்வுக் கூட்டங்களில் ஒரு சக ஆய்வாளர் செய்யும் வேலை அது.

பிப்ரவரி 18

என் சொந்த அனுபவம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கருவிப் பொறியாளன். சென்னையில் கடல் மிதவைகளோடு சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அவர்கள் திட்டம் ஒன்றுக்காக இரண்டு வசந்த காலங்கள் மித்திமதாலிக் ஊரில் இருந்தேன். பாஃபின் தீவின் வடக்கு முனையில், ஏறத்தாழ 1,500 இனுயிட் மக்கள் வாழும் ஊர் அது. எதிரே பைலாட் தீவின் மலைகள், நடுவே உறைந்த கடல். குளிர்காலத்தில் அந்தக் கடல்தான் அவர்களுக்குச் சாலை.

என் பொறுப்பு, பனியின் ஊடாக ஒரு வெப்பநிலைச் சங்கிலியை இறக்குவது. சில சென்டிமீட்டருக்கு ஓர் உணரி வீதம் கோத்த நீண்ட வடம் அது. மேல் முனை காற்றில் இருக்கும், கீழ் முனை கடல்நீரில் தொங்கும். காற்றில் கழித்தல் 25 பாகை என்றால், பனிக்குள் இறங்க இறங்க வெப்பநிலை சீராக உயர்ந்து, கடல்நீர் உறையும் கழித்தல் 1.8 பாகையை எட்டியதும் அசையாமல் நின்றுவிடும். எந்த உணரியில் அது நின்றதோ அதுவே பனியின் அடிப்பகுதி. இவ்வாறு ஊரைவிட்டு நகராமலேயே பனியின் தடிமனை நாள்தோறும் அறியலாம்.

எங்களுக்கு வழிகாட்டியாக ஐம்பதைத் தாண்டிய வேட்டைக்காரர் ஒருவர் வந்தார். கமுத்திக் என்ற நீண்ட மரச் சறுக்குவண்டியில் எங்கள் பெட்டிகளைக் கட்டி, தம் பனிவண்டியால் இழுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் சில இடங்களில் இறங்கி, தூக் என்னும் இரும்பு முனைக் கோலால் பனியைக் குத்துவார். ஒரு குத்து, சற்று நிதானம், இன்னொரு குத்து. கோல் எழுப்பும் ஓசையையும் அது கையில் திரும்பி வரும் அதிர்வையும் வைத்து முடிவுசெய்வார். சில இடங்களில் காலால் பொடிப்பனியை ஒதுக்கி, அதன் ஆழத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். பொடிப்பனி போர்வை போன்றது, அது கனமாகப் படிந்த இடத்தில் குளிர் கீழே இறங்காது, ஆகவே அடியில் கடற்பனி மெலிந்தே இருக்கும் என்பதை நான் பாடமாகப் படித்திருந்தேன். வண்டியில் போய்க்கொண்டே அதைக் கவனிப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

சங்கிலிக்கான இடத்தை நாங்கள் தெற்கே இருந்தபோதே செயற்கைக்கோள் படத்தில் குறித்து வைத்திருந்தோம். அந்த இடத்தில் வெடிப்பு வரும் என்று அவர் எச்சரித்தார். நாங்கள் கேட்கவில்லை. துளைப்பானைச் சுழற்றினோம். முதலில் உலர்ந்த வெண் துருவல், பிறகு சாம்பல் நிறத்தில் நனைந்த கூழ், கடைசியில் நீர் குபுக்கென்று மேலேறி எங்கள் காலணியைச் சுற்றிப் பரவியது. ஒன்றரை மீட்டர் தடிமன். மனநிறைவோடு திரும்பினோம். பதினெட்டாம் நாள் தரவு நின்றுபோனது. போய்ப் பார்த்தால், எதிர்க்கரையின் முனையிலிருந்து நீண்டு வந்த வெடிப்பு எங்கள் துளையை ஒட்டி ஓடியிருந்தது. பெட்டி சாய்ந்து நீரில் கிடந்தது, வடம் அறுந்திருந்தது. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடத்தில் விழும் வெடிப்பு அது. ஆயுராக் என்று அவர்கள் அழைக்கும் அத்தகைய வெடிப்பு எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு ஓடும் என்பது ஊரில் பதின்பருவப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 19

துளை போட்ட அன்று பனி ஒன்றரை மீட்டர் இருந்ததே, அளவீடு சரிதானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அளவீடு சரி. நாங்கள் பொருத்தமான கேள்வியை அளக்கவில்லை. பயணம் போகிறவருக்குத் தடிமன் ஒரு பகுதி மட்டுமே. அடியில் நீரோட்டம் எங்கே வேகமாக ஓடி பனியை அரிக்கிறது, சினா என்னும் பனி விளிம்பு இந்த ஆண்டு எவ்வளவு அருகே வந்திருக்கிறது, வெடிப்பு திறக்கும்போது திரும்பி வர வழி உண்டா என்பனவே அவர்களுடைய கேள்விகள். சறுக்குவண்டியில் வைத்து இழுக்கும் மின்காந்த உணரியும் ஒன்று இருந்தது. பனி மின்சாரத்தை ஏறத்தாழக் கடத்தாது, உப்புநீர் நன்றாகக் கடத்தும் என்பதால், கருவியிலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லும். ஆனால் அந்த ஆழத்தில் கடற்பனி எவ்வளவு, மேலே கிடக்கும் பொடிப்பனி எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. எங்கள் வழிகாட்டி காலால் செய்ததை அந்தக் கருவியால் செய்ய முடியவில்லை.

மார்ச் 2

பிப்ரவரி 18-இல் 'அவர் எச்சரித்தார், நாங்கள் கேட்கவில்லை' என்று எழுதினேன். அன்றிரவே அது உறுத்தியது. பழைய களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அதில் நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: "இடத்தை அடைந்ததும் வழிகாட்டி, 'இங்கேயா?' என்றார். ஆம் என்றேன். பெட்டிகளை இறக்கியபின் மறுபடியும் 'இங்கேயா?' என்றார். ஜி.பி.எஸ். காட்டினேன்."

அவர் எச்சரிக்கவில்லை. இரண்டு முறை கேட்டார். அதைத் தகவல் கேட்கும் கேள்வியாக எடுத்துக்கொண்டு, இரண்டு முறையும் விடை சொன்னேன். தம்மைவிட இளையவனாக இருந்தாலும், வந்தவன் தன் வேலையைத் தானே அறிவான் என்று விட்டுக்கொடுப்பதும், ஒருவர் முடிவில் வலியக் குறுக்கிடாமல் இருப்பதும் அந்த ஊரில் மரியாதை. எங்கள் ஊரிலும் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக 'பார்த்துக்கோ' என்று நிறுத்திக்கொள்வதுண்டு. அந்த ஒற்றைச் சொல்லில் மறுப்பு இருப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பனியின்மேல் நின்றபோது அந்தக் காது எனக்கு இல்லாமல் போயிற்று.

பல ஆண்டுகளாக இந்த நிகழ்வை 'எச்சரித்தார்' என்ற சொல்லோடுதான் மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே இங்கே எழுத்தில் திருத்திவிடுகிறேன். அவர் தெளிவாகச் சொல்லியும் கேட்கவில்லை என்றால் அது எங்கள் பிடிவாதம். இரண்டு முறை கேட்டும் புரியவில்லை என்றால், அவர் பேசுவதற்கான இடமே எங்கள் வேலைமுறையில் இல்லை என்று பொருள். எந்த இடம் என்ற முடிவு அவரைச் சந்திப்பதற்கு நான்கு மாதம் முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

மார்ச் 9

உத்கியாக்விக்கில் மட்டும் ஆய்வாளர்கள் ஏன் காதுகொடுத்தார்கள்? ஹாரி பிரவரின் பொறுமை ஒரு காரணம், டாம் ஆல்பர்ட்டின் பணிவு இன்னொன்று என்றே இதுவரை எண்ணி வந்தேன். இரண்டும் உண்மை, ஆனால் போதா.

1968-இல் புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1972-இல் இனுபியாட் மக்கள் வடசரிவு வட்டாரம் என்ற தங்கள் உள்ளாட்சி அமைப்பை நிறுவி, எண்ணெய் நிறுவனங்களின் சொத்துக்கு வரி விதிக்கும் உரிமையைப் பெற்றார்கள். ஒலிவாங்கிகளை வாங்கவும், அறிவியலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆண்டு முழுவதும் ஊரிலேயே தங்கவைக்கவும், பனியின்மேல் முகாம் நடத்தவும் அந்த வரிப்பணம் பயன்பட்டது. தங்கள் கேள்விக்கு விடை தேடும் அறிவியலாளரைத் தாங்களே பணியில் அமர்த்தும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். மித்திமதாலிக்கில் எங்கள் வழிகாட்டிக்கு நாள்கூலி கொடுத்தது நாங்கள். யார் யாருக்குச் சம்பளம் கொடுத்தார் என்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு கதைகளின் முடிவும் வேறாக இருந்ததில் வியப்பில்லை.

மார்ச் 10

'அப்படியானால் பணம் கொடுத்தவருக்கு ஏற்ற விடை வந்தது என்றாகாதா?' நியாயமான ஐயம். அந்தக் கணக்கெடுப்பின் முறையும் தரவும் திமிங்கில ஆணையத்தின் அறிவியல் குழுவில், வேட்டையை அறவே எதிர்த்த நாடுகளின் அறிவியலாளர்களும் இருந்த அவையில், வரிவரியாக அலசப்பட்டன. பணம் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. விடை அந்த அவையைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. தெற்கே உள்ள நிதியமைப்புகளின் பணத்தில் நடந்த ஆய்வுகளைப் பற்றி இதே ஐயத்தை நாம் எத்தனை முறை எழுப்பியிருக்கிறோம்?

மார்ச் 16

'அறிவியலால் அவர்களுக்கு நன்மைதானே, எதற்கு இவ்வளவு தயக்கம்?' என்று கேட்டவருக்கு.

1955 முதல் 1957 வரை அமெரிக்க விமானப்படையின் ஆர்க்டிக் மருத்துவ ஆய்வகம், குளிரைத் தாங்குவதில் தைராய்டு சுரப்பிக்குப் பங்கு உண்டா என்று அறிய, கதிரியக்க அயோடின் 131-ஐ அலாஸ்காவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 102 பேர் பூர்வகுடிகள். வெயின்ரைட், பாயிண்ட் ஹோப், பாயிண்ட் லே, அனக்டுவுக் கணவாய் போன்ற ஊர்களைச் சேர்ந்தவர்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. தங்களுக்குத் தரப்படுவது மருந்தா சோதனையா என்பதே விளங்காமல் விழுங்கியவர்கள் இருந்தார்கள். அந்த ஊர்களில் இது தாத்தா பாட்டிக்கு நடந்த செய்தி.

இதற்கு நேர் மாறாகத் திரும்பிய ஒரு கதையும் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் எரிக் தெவாயி என்ற மருத்துவ ஆய்வாளர், கனடாவின் தெற்குக் கியூபெக் தாய்மார்களின் பாலில் உள்ள நச்சு வேதிப்பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்க, மாசில்லாத தாய்ப்பால் வேண்டும் என்று வடக்கே நுனாவிக்கின் இனுயிட் தாய்மாரிடமிருந்து மாதிரி பெற்றார். அந்தப் பாலில் பி.சி.பி. என்ற தொழிற்சாலை நச்சின் அளவு தெற்கைப்போல் ஐந்து மடங்கு இருந்தது. தொழிற்சாலையே இல்லாத நிலம். வேதிப்பொருள்கள் காற்றோடும் கடலோடும் வடக்கே போய், குளிரில் படிந்து, மீனிலிருந்து சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் கொழுப்பின் வழியே செறிந்து, கடைசியில் அந்தக் கொழுப்பை உண்ணும் தாயிடம் சேர்ந்திருந்தன. பால் கொடுக்கலாமா, சீல் இறைச்சி உண்ணலாமா, கடையில் விற்கும் விலையுயர்ந்த டப்பா உணவுக்கு மாறுவதா என்ற தவிப்பு வீடு வீடாகப் பரவியது. தாய்ப்பாலின் நன்மையே பெரிது, நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தரவை இனுயிட் தலைவர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு பன்னாட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான ஷீலா வாட்-குளூட்டியர், இனுயிட் கலைஞர் செதுக்கிய தாயும் சேயுமான சிற்பத்தை அந்தப் பேச்சுவார்த்தையில் அளித்தார். பேச்சுவார்த்தை முடியும்வரை அது அவைத் தலைவர் மேசையிலேயே இருந்தது. 2001-இல், இத்தகைய வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் நிறைவேறியது. வடக்கே நல்லது செய்த அளவீடுகளைப் பற்றிக் கேட்டால் நான் இதையே முதலில் சொல்லியிருக்க வேண்டும். திமிங்கிலக் கதை எனக்குப் பிடித்தமானது என்பதால் முந்திக்கொண்டது.

மார்ச் 30

இந்தியா என்ன செய்கிறது என்ற கேள்வி வந்திருக்கிறது. இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் நார்வேயின் ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தில் நி-ஓலசுண்ட் என்ற இடத்தில் இருக்கிறது. 2014-இல் அங்குள்ள ஃபியோர்டு என்னும் குறுகிய கடல் இடுக்கில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்ட இண்டார்க் என்ற கருவித்தொகுதியின் உருவாக்கத்தில், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. கருவிக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் ஸ்வால்பாரில் பூர்வகுடி மக்கள் இல்லை. நி-ஓலசுண்ட் நிலக்கரிச் சுரங்கமாக இருந்து, 1962-இல் 21 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பின் சுரங்கம் மூடப்பட்டு, ஆய்வு நிலையங்களாக மாறிய இடம். அங்கே கடலில் ஒரு கருவியை இறக்க எந்த வேட்டைக்காரரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தியா 2013 முதல், ஆர்க்டிக் நாடுகளின் மன்றமான ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர். அதே கவுன்சிலில் இனுயிட், சாமி உள்ளிட்ட ஆறு பூர்வகுடி அமைப்புகள் நிரந்தரப் பங்கேற்பாளர்களாக, பார்வையாளர் நாடுகளுக்கும் மேலான இடத்தில் அமர்ந்திருக்கின்றன. நம் ஆய்வாளர்கள் ஆளில்லாத ஃபியோர்டில் பெற்ற பழக்கத்தோடு கனடாவுக்கோ கிரீன்லாந்துக்கோ போனால் என்னைப்போலத்தான் தடுமாறுவார்கள் என்று அஞ்சுகிறேன். கனடாவின் நுனாவுட்டில் ஆய்வு உரிமம் இல்லாமல் ஒரு துளைகூடப் போட முடியாது. விண்ணப்பத்தின் சுருக்கத்தை இனுக்டிடுட் மொழியிலும் தர வேண்டும், ஊர் அமைப்புகளின் கருத்தும் கேட்கப்படும். 2018-இல் கனடா இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு வெளியிட்ட ஆய்வுக் கொள்கை அதற்கும் மேலே போய், நிதியையும் தரவையும் ஆளும் உரிமையைக் கேட்கிறது. இவற்றை அலுவலகத் தொல்லையாகப் பார்க்கும் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். துளை போட்டபின் கேட்க வேண்டியதைத் துளை போடும் முன் கேட்கவைக்கும் ஏற்பாடு அது.

ஏப்ரல் 21

மித்திமதாலிக்கிலிருந்து இந்தப் பருவத்தின் பனித் தடிமன் தரவுக் கோப்பு வந்தது. இப்போது உணரியை இழுப்பவர் எங்கள் பழைய வழிகாட்டியின் மருமகன். சங்கிலிக்கான இடங்களை ஊர்க்குழு தேர்ந்தெடுக்கிறது. சங்கிலியை இறக்குவதும் பழுது பார்ப்பதும் அவரே. நான் தொலைவிலிருந்து அளவு திருத்தம் மட்டும் செய்துகொடுக்கிறேன். கோப்பில் நாங்கள் முன்பு வைத்திராத ஒரு நெடுவரிசை சேர்ந்திருக்கிறது: ஒவ்வோர் இடத்துக்கும் அவர்கள் வழங்கும் பெயர், அவர்கள் எழுத்திலேயே.

நாற்பத்தோரு வரிகள். அவற்றில் ஆறு வரிகளில் தடிமன் இருக்கிறது, நாள் இருக்கிறது, பெயரும் அட்சரேகை தீர்க்கரேகையும் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. பிழையோ என்று கேட்டு எழுதினேன். இல்லை, அவை மீன்பிடிக்கும் ஏரிகளுக்குப் போகும் வழி, ஊருக்கு வெளியே கொடுப்பதில்லை என்று முடிவு என்று பதில் வந்தது. ஆறு வரிகளையும் அப்படியே வைத்து, மற்ற முப்பத்தைந்துக்கும் திருத்தத்தை முடித்து இன்று காலை திருப்பி அனுப்பினேன்.